வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: நாளத்தில் ஏற்றும் கொழுப்பு நோயெதிர்ப்பைக் குறைக்குமா?

கேள்வி: குடலில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் தமையனாருக்கு வாயால் எதுவும் கொடுக்க முடியாததால், பால் போன்ற வெள்ளைத் திரவமொன்றை நாளத்தில் ஏற்றுகிறார்கள். அது சோயா எண்ணெய் என்றும், கிருமிகளை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும் என்றும் விடுதியில் சிலர் சொன்னார்கள். மீன் எண்ணெய் ஏற்றும்படி கேட்கலாமா?
வாசகி, பரந்தன்

பதில்: அவர்கள் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது, ஆனால் அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். சுவீடனைச் சேர்ந்த ஆர்விட் விரெட்லிண்ட் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய கொழுப்புப் பால்மத்தின் (எண்ணெயை நுண்துளிகளாக நீரில் கலந்த திரவத்தின்) வழிவந்தது இது. இதில் 20 சதவீதச் செறிவுள்ள 500 மில்லிலீற்றர் பையொன்று ஏறத்தாழ 1000 கிலோகலோரி தருகிறது. உண்ண முடியாதவருக்கு அது சிறிய விடயமன்று.

சோயா எண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது லினோலெயிக் அமிலம் என்ற ஒமேகா-6 கொழுப்பு. அது வெண்குழியங்களின் மென்சவ்வில் சேர்ந்து, அராக்கிடோனிக் அமிலமாக மாறி, அழற்சியைத் தூண்டும் பொருட்களையும், நிணநீர்க்குழியங்கள் பெருகுவதைத் தணிக்கும் புரொஸ்டகிளாண்டின் ஈ2 ஐயும் தோற்றுவிக்கக்கூடும். இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஏற்றும் வேகம். குருதியால் அகற்ற முடியாத வேகத்தில் கொழுப்பு வந்து சேர்ந்தால், ஈரலிலும் மண்ணீரலிலும் கிருமிகளை விழுங்கும் கலங்கள் கொழுப்புத் துளிகளை விழுங்குவதிலேயே ஈடுபட்டு, தம் முதல் வேலையில் பின்தங்கிவிடும். பை சீக்கிரம் முடியட்டும் என்று குழாயிலுள்ள சிறு சக்கரத்தை உறவினர்கள் திருப்பிவிடுவதுண்டு. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

விபத்தில் காயமடைந்தவர்களிடம் நடத்தப்பட்டு 1997 இல் வெளியான ஆய்வொன்றில், முதல் 10 நாட்கள் கொழுப்பு ஏற்றப்படாதவர்களுக்குத் தொற்றுகள் குறைவாக இருந்தன. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த மொத்தக் கலோரியும் குறைவு என்பதால் பழி முழுவதையும் எண்ணெய்மேல் போட முடியாது.

மீன் எண்ணெயின் ஒமேகா-3 கொழுப்பு அதே மென்சவ்வில் இடம்பிடித்து அழற்சியைத் தணிக்கிறது. சோயா, ஒலிவ எண்ணெய்களோடு அதையும் கலந்த பால்மங்கள் இன்று உள்ளன. சத்திரசிகிச்சைக்குப் பின் அவற்றால் தொற்று குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுவதால், நீங்கள் கேட்பது நியாயமே. ஆனால் அவை எல்லா வைத்தியசாலைகளிலும் இருப்பதில்லை; அதற்காகக் காத்திருந்து பட்டினி கிடப்பது அதைவிடக் கேடு. குடல் இயங்கத் தொடங்கி வைத்தியர் அனுமதித்ததும், முல்லைத்தீவுச் சூடைமீன் சொதியைத் தாராளமாகக் கொடுங்கள்.

குருதியில் டிரைகிளிசரைட் என்ற கொழுப்பின் அளவு பார்க்கப்படுகிறதா என்று விசாரியுங்கள். முட்டை, சோயா, மீன் ஒவ்வாமை அவருக்கு இருந்தால் இன்றே சொல்லிவிடுங்கள்.