அந்தப் பெடியனைப் பற்றி உங்களுக்குச் சொன்னது யார்?

கேள்வி: மகளுக்கு 21 வயது, கம்பஸில் இரண்டாம் வருடம். நித்திரை இல்லை, ஒரே அழுகை என்று அங்கே உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) போய்வந்தாள். அங்கே இருக்கிற ரீச்சர் அவளுக்குப் படிப்பிக்கிறவ, எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும். கிழமைக்கு ஒருக்கால் ரெலிபோன் எடுத்து எல்லாம் விபரமாகச் சொல்லுவா, நல்ல மனுசி. போன மாதம் சாப்பிடேக்க நானும் “அந்தப் பெடியன்ர கதையை விடு பிள்ளை” என்று புத்தி சொன்னேன். இப்ப அங்கே போகமாட்டன் என்கிறாள். ஆஸ்பத்திரியில் தந்த குளிசையும் போடுறாளில்லை. கலியாணப் பேச்சுக்கால் ஒன்றும் வந்திருக்கு. அவளைத் திரும்பப் போகவைக்க வழி சொல்லுங்கோ.
– ஒரு தாய், கரவெட்டி

பதில்: அந்தப் பெடியனைப் பற்றி மகள் உங்களுக்குச் சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. பிறகு அவன் எப்படி உங்கள் சாப்பாட்டு மேசைக்கு வந்தான்? கதவு சாத்திய அறையில் ஒருத்தியை நம்பிச் சொன்னதை, புட்டுக்குக் கறி விட்டுக்கொண்டு அம்மா சொன்னால், யார் சொன்னது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் போகும்? மகளுக்குப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவள் போகாமல் நின்றதுதான் புத்தி.

ரீச்சர் நல்ல மனுசியாகவே இருக்கட்டும், செய்தது பிழை. உளவளத்துணையில் கேட்டதை வெளியே சொல்லக் காரணங்கள் மிகச் சில: அவளுடைய உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, சிறுபிள்ளைத் துன்புறுத்தல், நீதிமன்றக் கட்டளை. இரகசியத்துக்கும் எல்லை உண்டு என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னதுகூட, கம்பஸ் மனநல சேவைக்குப் போன மாணவன் ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாகச் சொல்லி, கொன்றும் விட்ட வழக்கில். உங்கள் வீட்டில் முறிந்தது ஒரு காதல்.

தாய்க்குத் தெரியக்கூடாதா என்பீர்கள். 18 வயது முடிந்தால் சட்டத்தின் முன் அவள் வளர்ந்த ஆள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவரின் சுகநலத் தகவலைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. பிள்ளையின் துன்பம் வீட்டின் துன்பம் என்று நம்புகிற ஆள்தான் நானும். ஆனால் அதை அவள் வாயால் கேட்கிற தாயாக இருக்கவேண்டும், ரெலிபோனில் வேவு பார்த்தல்ல.

இன்னொன்று. விடைத்தாள் திருத்துகிறவரே கண்ணீரையும் கேட்பது சரியில்லை, சொந்தக்காரர் கேட்கவே கூடாது. ரீச்சர் முதல் நாளே வேறு ஆளிடம் அனுப்பியிருக்கவேண்டும்.

முதலில் மகளிடம் ஒப்புக்கொள்ளுங்கள்: “ரீச்சர் சொன்னவ, நான் கேட்டுக்கொண்டிருந்தனான், பிழை என்னில.” “உன்ர நன்மைக்குத்தான்” என்று பின்னால் ஒட்டாதீர்கள், முன்னால் சொன்னதெல்லாம் வீணாகிவிடும். ரீச்சருக்கு இனி எடுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். வேறு பீடத்து உளவளத்துணையாளரா, யாழ் போதனா வைத்தியசாலை மனநலப் பிரிவா என்பதை மகள் தெரிவு செய்யட்டும். முதல் நாளே அவள் கேட்கவேண்டியவை: குறிப்புகளை எங்கே வைப்பீர்கள், யார் பார்க்கலாம், எந்த நிலையில் வீட்டுக்குச் சொல்வீர்கள்? உங்களுக்கு ஏதாவது சொல்ல அவள் சம்மதித்தால் அது எழுத்தில் இருக்கட்டும்: யாருக்கு, எதை, எதுவரை. நினைத்தபோது அவள் அதை மீளப்பெறலாம். பீடாதிபதிக்கு முறைப்பாடு கொடுப்பதா இல்லையா என்பதும் அவள் பாடு, நீங்கள் கையெழுத்து வைக்கப் போகவேண்டாம்.

குளிசை விடயம் பொறுக்காது. மனச்சோர்வுக் குளிசை வேலை செய்யவே சில கிழமை எடுக்கும், திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, எரிச்சல், நித்திரையின்மை வரலாம். விட்ட குளிசையைத் தாமாகத் தொடங்காமல், எழுதித் தந்த வைத்தியரிடம் இந்தக் கிழமையே அவளைப் போகச் சொல்லுங்கள். கூட வரவா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் வாசலில் நில்லுங்கள்.

பேச்சுக்காலை நிறுத்துங்கள். நித்திரை இல்லாத பிள்ளைக்கு இப்போது மாப்பிள்ளை எதற்கு?

சாகிற கதை கதைத்தால், சாமான்களை ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், தனியே விடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கும் எடுக்கலாம். பொலிஸ் வழக்கு வரும் என்று பயந்து மறைக்காதீர்கள், தற்கொலை முயற்சி 1998இலிருந்து இங்கே குற்றமில்லை. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். அப்படியொரு ஆபத்தில் மட்டும் உளவளத்துணையாளர் உங்களுக்கு எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும், அதையும் முடிந்தவரை மகளுக்குச் சொல்லிவிட்டு.