மதர்போர்டு மாறினால் உபுண்டு எங்கே போகும்?

கேள்வி: என் மகள் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் விண்டோஸ் 11, உபுண்டு இரண்டும் இருந்தன. மழையில் பை நனைந்து லேப்டாப் பழுதாகிவிட்டது. கடையில் மதர்போர்டை மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வருவதே இல்லை. நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது. ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். மகளின் புராஜெக்ட் முழுவதும் உபுண்டுவில் இருக்கிறது. என்ன செய்வது?
— வாசகர், குரோம்பேட்டை

பதில்: ஃபார்மட் செய்யாதீர்கள். லேப்டாப் இன்னும் கடையில் இருந்தால் முதலில் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். அந்த நீலத் திரையைக் காட்டும் நிரல் இருப்பதே உங்கள் டிஸ்க்கில்தான். செத்த டிஸ்க் கேள்வி கேட்காது.

சென்னையின் பல தெருக்களில் வாசல் கதவில் ‘பழைய எண் 12, புதிய எண் 31’ என்று இரண்டையும் எழுதி வைத்திருப்பார்கள். பல ஆண்டுகள் அந்தத் தெருவுக்கு வந்துபோன தபால்காரருக்கு எது எந்த வீடு என்பது மனப்பாடம். அவர் மாற்றலாகிப் புதியவர் வந்தால், கொஞ்ச நாளைக்குக் கடிதமெல்லாம் அவருக்குத் தெரிந்த ஒரே வீட்டில் வந்து விழும். உங்கள் லேப்டாப்பில் நடந்திருப்பது இதுதான். டிஸ்க்கில் ஒரு சின்ன பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்து ஒதுக்கிய பகுதி) இருக்கிறது. விண்டோஸைத் தொடங்கும் கோப்பு அதில் ஒரு ஃபோல்டரிலும், உபுண்டுவைத் தொடங்கும் கோப்பு இன்னொரு ஃபோல்டரிலும் இருக்கின்றன. எது எங்கே என்ற விலாசப் பட்டியலோ மதர்போர்டின் நினைவகத்தில் இருந்தது. அது பழைய போர்டோடு போய்விட்டது. புதிய போர்டு தானாகத் தேடி, தனக்கு ஏற்கெனவே பெயர் தெரிந்த மைக்ரோசாஃப்ட் ஃபோல்டரைக் கண்டுபிடித்து உள்ளே போயிருக்கிறது. பக்கத்திலேயே உபுண்டு ஃபோல்டர் யாரும் தொடாமல் கிடக்கிறது.

48 இலக்க விவகாரத்துக்கும் காரணம் அதே போர்டுதான். விண்டோஸ் பார்ட்டிஷனை பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதி பூட்டியிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸ் 11-ஐ அமைத்தால், பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு கேட்காமலேயே விழுந்துவிடும். அதைத் திறந்துகொடுத்து வந்த டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லு பழைய போர்டோடு போனதால், மாற்றுச் சாவியாக அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கிறது. ஆனால் பிட்லாக்கர் பூட்டியது விண்டோஸ் பார்ட்டிஷனை மட்டுமே. உபுண்டு இருப்பது தனிப் பார்ட்டிஷனில். 48 இலக்க எண் கிடைக்காமலே போனாலும் உங்கள் மகளின் புராஜெக்ட்டை எடுத்துவிடலாம். அதனால் முதல் வேலை அதுதான்.

8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று போதும். வேறொரு கணினியில் உபுண்டுவின் ஐ.எஸ்.ஓ. (நிறுவல்) கோப்பை இறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருளால் பென் டிரைவில் எழுதிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை இயக்கியதும் எஃப்12-ஐத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்கலாம் என்ற பட்டியல் வரும். (சில பிராண்டுகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்.) பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து நிறுவவா, நிறுவாமல் பார்க்கவா என்று கேட்கும்போது ‘ட்ரை உபுண்டு’ என்பதை அழுத்துங்கள். அவசரத்தில் ‘இன்ஸ்டால்’ பக்கம் போய்விட வேண்டாம். கோப்பு மேலாளரில் விண்டோஸ் பார்ட்டிஷன் பூட்டோடு தெரியும். உபுண்டு பார்ட்டிஷன் திறக்கும். உள்ளே ‘ஹோம்’ ஃபோல்டரில் மகளின் பெயரில் ஒன்று இருக்கும். அதில் பூட்டுக் குறி தெரிந்தால் நிர்வாகி அனுமதியோடு நகலெடுக்க வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸில் புராஜெக்ட் செய்கிறவளுக்கு அது ஒரு வரிக் கட்டளை. நகல் வெளி டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

பென் டிரைவிலிருந்து தொடங்கியும் டிஸ்க்கே தெரியவில்லையா? பயாஸுக்குள் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) போய் டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது என்று பாருங்கள். இன்டெல் லேப்டாப்களில் ஆர்.எஸ்.டி. அல்லது வி.எம்.டி. என்ற முறையும் ஏ.ஹெச்.சி.ஐ. என்ற முறையும் உண்டு. உபுண்டுவை நிறுவிய நாளில் மகள் இதை ஏ.ஹெச்.சி.ஐ.-க்கு மாற்றியிருக்கக்கூடும், புதிய போர்டு கடையிலிருந்து வந்த நிலையில் இருக்கிறது. பழைய முறைக்கே திருப்புங்கள். முறை மாறியிருந்தால் விண்டோஸும் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று வேறொரு நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும்.

இனி 48 இலக்கம். நீலத் திரையிலேயே சாவியின் அடையாளம் ஒன்று தெரியும். அதன் முதல் எட்டு எழுத்துகளைக் குறித்துக்கொண்டு, மொபைலில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய் அதே எட்டு எழுத்துகள் உள்ள சாவியைத் தேடுங்கள். யாருடைய கணக்கு என்பதில்தான் சிக்கல். லேப்டாப் வாங்கிய அன்று அண்ணன், மாமா, சில சமயம் விற்ற கடைப் பையன் என்று யாராவது தங்கள் மின்னஞ்சலைப் போட்டு அமைத்துக் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொருவராகக் கேட்டுப் பாருங்கள். எங்கும் கிடைக்கவில்லை என்றால் விண்டோஸில் இருந்த கோப்புகளை மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது.

எந்த இயங்குதளம் என்று கேட்கும் பட்டியலைத் திரும்பக் கொண்டுவருவது இவற்றையெல்லாம்விட எளிது. சில லேப்டாப்களின் பயாஸிலேயே புதிய தொடக்க வழியைச் சேர்க்கும் வசதி உண்டு. அங்கே உபுண்டு ஃபோல்டரில் உள்ள ‘ஷிம்’ என்று தொடங்கும் கோப்பைக் காட்டினால் முடிந்தது. இல்லையென்றால் பென் டிரைவ் உபுண்டுவில் இணையத்தை இணைத்து ‘பூட் ரிப்பேர்’ என்ற கருவியை நிறுவி, அது பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பை அழுத்துங்கள். விண்டோஸின் கோப்புகளுக்குப் பெயர் மாற்றும் விருப்பம் ஒன்றும் அதில் உண்டு. அதைத் தொடாதீர்கள்.

பட்டியல் வந்தும் அதில் விண்டோஸ் பெயர் இல்லாமல் போகலாம். அந்தப் பட்டியலைக் காட்டும் உபுண்டுவின் தொடக்க நிரலுக்கு கிரப் என்று பெயர். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் வேலை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் தேடும். ஆனால் பிட்லாக்கர் உள்ள கணினியில் நான் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். கிரப் வழியாக விண்டோஸுக்குள் போனால் சில சமயம் மறுபடி 48 இலக்கம் கேட்கும். விண்டோஸ் வேண்டிய அன்று எஃப்12 தட்டிப் போவதே தொல்லையில்லாத வழி. சாவி போட்ட பிறகும் ஒவ்வொரு முறையும் கேட்டால், விண்டோஸ் அமைப்புகளில் அந்தப் பூட்டை ஒருமுறை அணைத்து மறுபடி போடுங்கள். புதிய சில்லோடு பழகிக்கொள்ளும்.

கடைக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். அந்த நாட்களில் தொடக்க நிரல் டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸை மறுபடி நிறுவினால் அது அழிந்து லினக்ஸ் காணாமல் போகும். கேட்க ஆளும் இருக்காது. ‘ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டுவிடலாம்’ என்ற பழக்கம் அப்போது கைக்கு வந்தது, இன்னும் போகவில்லை. ஆனால் அவரிடம் விண்டோஸ் உரிமத்தைப் பற்றிக் கேளுங்கள். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிம எண் பழைய போர்டில் பதிந்திருந்தது. புதிய போர்டில் விண்டோஸ் ‘ஆக்டிவேட் ஆகவில்லை’ என்று சொன்னால், அமைப்புகளில் ‘சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்’ என்ற வழி இருக்கிறது. அதிலும் நடக்கவில்லையென்றால் போர்டை மாற்றியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாம் சரியான பிறகு இரண்டிலும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம் காட்டினால் பதற வேண்டாம். உபுண்டு கணினிக் கடிகாரத்தை உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது, விண்டோஸ் இந்திய நேரமாக. உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ளும்படி உபுண்டுவிடம் ஒரு கட்டளையில் சொல்லிவிடலாம். அதை மகளிடம் விட்டுவிடுங்கள்.