விடிகாலையில் ஏறும் கோடு குடி ஆசையா?

குமரி மாவட்டக் குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்களுக்கு மணிக்கட்டுப் பட்டை கட்டி, குடிக்கத் தூண்டும் நேரத்தைத் தேடுகிறீர்கள். விடிகாலையில் தோல் மின்கடத்தல் (வியர்த்தால் தோலில் மின்சாரம் கூடுதலாகப் பாயும் அளவு) ஏறுகிறது, அவர்களோ ஆசையே இல்லை என்கிறார்கள், எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதை நம்புங்கள்.

குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஒழுகும் என்பதால் அந்த நேரம்தான் மும்முரமான வேலை. மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் நடக்கிறார்கள். மணிக்கட்டுப் பட்டை அளப்பது வியர்வையை. அது உழைப்பில் வந்ததா, வெக்கையிலா, ஆசையிலா என்று அதற்குத் தெரியாது. கத்தி பிடிக்கும் கையில் கட்டியிருந்தால் இதயத்துடிப்புக் கணக்கும் குளறும். அசைவு குறைந்த கைக்கு மாற்றுங்கள். பட்டையிலுள்ள முடுக்கமானியில் (அசைவை அளக்கும் கருவி) அசைவு அதிகமான நிமிடங்களை ஒதுக்கிவிட்டு, கூலி வாங்கிய சாயங்காலங்களைப் பாருங்கள். ஒவ்வொருவரையும் அவரவர் ஓய்வு நிலையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அப்புறம், ஆசை இருக்கிறதா என்று அலைபேசியில் அனுப்பும் கேள்விகள். பால் வெட்டும்போது மணியடித்தால் யார் பதில் சொல்வார்? பால் எடுத்து முடித்த பிறகு, “இப்போ குடிக்கணும்னு தோணுதா? 0 முதல் 10க்குள் எவ்வளவு?” என்ற ஒரே கேள்வி போதும். மழையால் வெட்டு நிற்கும் நாட்களைத் தவறாமல் குறித்து வையுங்கள். உழைப்புக் கலக்காத ஒப்பீடு சும்மா கிடைக்கிறது.

ஒன்று கறாராக: தரவு தோட்ட முதலாளி கண்ணில் படக்கூடாது. குடிப் பேச்சு அங்கே போனால் தொழிலாளியின் வேலைக்கே உலை.