பத்தியம் இருந்தும் குறையாத முழங்கால் வலி

கேள்வி: எனக்கு வயது 66. குடியாத்தத்தில் வசிக்கிறேன். நாற்பது ஆண்டுகள் வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றியவள். ஏழு ஆண்டுகளாக இரண்டு முழங்கால்களிலும் இடுப்பிலும் வலி இருக்கிறது. இரவில் பாதங்கள் எரிகின்றன. சர்க்கரை நோய்க்காகப் பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். உயரம் 150 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. வாயு என்று பலரும் சொன்னதால் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பருப்பு, முட்டை, மோர் ஆகியவற்றை நிறுத்திவிட்டேன். இப்போது காலையில் நான்கு இட்லி, மதியம் ரசம் சாதம், இரவில் அரிசிக் கஞ்சி. வலி தாங்க முடியாத நாட்களில் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். இன்னும் எதையெல்லாம் விட வேண்டும்? எதைச் சாப்பிட்டால் வலி குறையும்?

பதில்: அம்மா, இனி நீங்கள் எதையும் விட வேண்டாம். ஏற்கெனவே விட்டவற்றில் பெரும்பாலானவற்றை மீண்டும் சாப்பிடத் தொடங்க வேண்டும் என்பதே என் பதில். உங்கள் வலியில் ஒரு பங்கு வயதாலும் வேலையாலும் வந்தது. இன்னொரு பங்கு, வலிக்குப் பயந்து நீங்கள் இருந்த பத்தியத்தால் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, காலை மடக்கி, குனிந்தபடி நாள் முழுவதும் பீடி சுற்றிய பெண்களைப் பேரணாம்பட்டிலிருந்து காட்பாடி வரை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் எழுந்து நிற்கும்போது முதலில் தரையில் கையை ஊன்றுவார்கள், பிறகு தொடையில் கையை ஊன்றுவார்கள், அதற்குப் பிறகுதான் நிமிர்வார்கள். முழங்காலின் குருத்தெலும்பு தேய்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். தொடையின் முன்புறத் தசை மெலிந்து, உடலைத் தூக்கும் வலுவை இழந்திருப்பது மற்றொரு காரணம். தேய்ந்த குருத்தெலும்பை எந்த உணவும் பழைய நிலைக்கு வளர்த்துவிடாது. ஆனால் தசையை மீட்க உணவாலும் பயிற்சியாலும் முடியும், மூட்டின் மீது ஏறியிருக்கும் சுமையை இறக்கவும் முடியும்.

சுமையைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் மீது சுமார் 4 கிலோ அழுத்தம் குறைகிறது. உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏழு கிலோ அளவுக்கு, உணவு மாற்றத்தோடு பயிற்சியும் சேர்த்துக் குறைத்தால் வலி கண்கூடாகத் தணியும். ஏழு கிலோ மலைப்பாகத் தோன்றினால் முதல் ஆறு மாதங்களுக்கு நான்கு கிலோ போதும். அவசரப்பட்டுப் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும், அது உங்களுக்கு ஆகாது.

இவ்வளவு பத்தியம் இருந்தும் எடை ஏன் குறையவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேளைச் சாப்பாடும் ஏறக்குறைய அரிசிதான். இட்லியில் சிறிது உளுந்து இருப்பதைத் தவிர நாள் முழுவதும் புரதம் என்று சொல்ல எதுவுமில்லை. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தாலும் 30 கிராமைத் தாண்டுமா என்பது சந்தேகம். உங்கள் வயதுக்கும் உடலுக்கும் சுமார் 60 கிராம் வேண்டும். அரிசிக் கஞ்சி எளிதில் செரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதே காரணத்தால் சர்க்கரையை விரைவாக ஏற்றி, இரண்டு மணி நேரத்தில் மீண்டும் பசிக்க வைக்கும்.

பெரிய மாற்றமாகச் செய்யாமல் வேளைக்கொன்றாக மாற்றுங்கள். காலையில் இட்லியை இரண்டாகக் குறைத்து, ஒரு அவித்த முட்டையும் கெட்டியான சாம்பாரும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம் இருக்கிறது. மதியம் சாதத்தைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்புக் கூட்டோ கீரைக் கடைசலோ வரட்டும், சாப்பாட்டை மோரோடு முடியுங்கள். மாலையில் டீயோடு பிஸ்கட் சாப்பிடும் பழக்கம் இருந்தால் அதற்குப் பதில் ஒரு கைப்பிடி கொள்ளுச் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ சாப்பிடுங்கள். 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியை நம்பிக் கொள்ளுத் தண்ணீரை மட்டும் வடித்துக் குடிப்பவர்கள் உண்டு. புரதமும் நாரும் பருப்பில்தான் தங்கியிருக்கின்றன, அதை மாட்டுக்குப் போட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிப்பதில் பயனில்லை. இரவில் கஞ்சியை நிறுத்திவிட்டு, ஒரு சிறிய உருண்டை கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரைக் குழம்பும் சாப்பிடலாம். கேழ்வரகு மாவு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் களியும் மாவுச்சத்துதான் என்பதால் உருண்டை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவற்றைத் தொடங்கும் முன் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் ஆல்புமினையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நெடுநாள் சர்க்கரை நோயும் வலி மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பாதித்திருந்தால் புரதத்தின் அளவை உங்கள் மருத்துவரே முடிவு செய்ய வேண்டியிருக்கும். பின்னாளில் இன்சுலினோ வேறு சர்க்கரை மாத்திரையோ சேர்க்க நேர்ந்தால், அரிசியைக் குறைத்திருப்பதை அவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரலாம்.

இனி வாயு விஷயத்துக்கு வருகிறேன். பருப்போ உருளைக்கிழங்கோ சிலருக்கு வயிற்றை உப்பச் செய்யும். அந்தக் காற்று குடலில் இருப்பது, முழங்காலுக்குப் போய்ச் சேர அதற்கு வழி கிடையாது. கத்தரிக்காய் மூட்டு வலியைக் கூட்டும் என்பதற்கும் ஆய்வுச் சான்று இல்லை. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் காய் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு ஏழு ஆண்டுகளாக அதைத் தொடாமல் இருக்கிறீர்கள் என்று படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. எண்ணெயை அளவாக ஊற்றிச் சமைத்துச் சாப்பிடுங்கள். யூரிக் அமிலம் அதிகம் என்று பரிசோதனையில் வந்து, அதனால் கால் பெருவிரல் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்குபவர்கள்தான் ஈரல் முதலிய உள்ளுறுப்பு இறைச்சியையும் மதுவையும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கும்கூடப் பருப்பு அந்த அளவுக்கு எதிரியல்ல.

பாத எரிச்சலை மூட்டு வலியோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டாலும் எரியும், வைட்டமின் பி12 குறைந்தாலும் எரியும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு இந்த வைட்டமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. நீங்களோ அது கிடைக்கக்கூடிய முட்டையையும் மோரையும் நிறுத்திவிட்டீர்கள். பி12 அளவைப் பார்த்து, குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்ள வேண்டும், உணவு மட்டும் அதைச் சரிக்கட்டாது. இதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வைட்டமின் டி குறைந்தாலும் எலும்பும் தசையும் வலிக்கும். வெயிலூர் என்று வேடிக்கையாகச் சொல்லப்படும் வேலூர்ப் பக்கத்தில் இந்தக் குறைபாட்டை நான் அடிக்கடி பார்க்கிறேன், ஏனென்றால் வெயிலுக்குப் பயந்தே நாம் வீட்டுக்குள் இருந்துவிடுகிறோம். கண்ணாடி சன்னல் வழியே வரும் வெயில் இதற்கு உதவாது. காலை பத்து, பதினொரு மணி வாக்கில் கைகால்களில் நேரடியாக வெயில் படும்படி கால் மணி நேரம் நின்றால் நல்லது. சித்திரை, வைகாசியில் இன்னும் முன்னதாகவே முடித்துக்கொள்ளுங்கள். உணவில் இந்த வைட்டமின் மிகக் குறைவாகவே கிடைப்பதால், பரிசோதனையில் குறைவு தெரிந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மருந்தாகத்தான் எடுக்க வேண்டும். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் மருந்தை நாளும் ஒன்றாகக் குடித்துவிட்டு வந்தவர்களும் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன்.

மஞ்சளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். குழம்பில் போடும் மஞ்சள் நல்லதே. அதில் இருக்கும் குர்குமின் மிகக் குறைவு என்பதால் வலி மருந்தாக அதை எதிர்பார்க்க முடியாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் குர்குமின் மாத்திரைகளை வாங்கி விழுங்கக் கூடாது.

குடிநீரையும் ஒருமுறை பாருங்கள். பழைய வட ஆர்க்காட்டின் சில பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு மிகுதியாக இருக்கிறது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் உள்ள நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி வலிக்கும். கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு போகாது. நீங்கள் போர் தண்ணீரைக் குடிப்பவராக இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஒரு பாட்டில் நீரைக் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது மெடிக்கல் மாத்திரைதான். செய்தித்தாள் துண்டில் மடித்துக் கொடுக்கும் 'செட் மாத்திரை'யில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை, ஒரு வயிற்று மாத்திரை, சில நேரம் ஒரு சிறிய ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கும். முதலாவது சிறுநீரகத்தைக் கெடுக்கும், மூன்றாவது சர்க்கரையை ஏற்றி எலும்பை மெலிய வைக்கும். மீதமிருக்கும் பொட்டலத்தைத் தூக்கி எறியாமல் மருத்துவரிடம் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். ஸ்டீராய்டை நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

உணவு மாற்றத்துக்கு மூன்று மாதம் பொறுத்திருங்கள். அதனோடு, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்கும் பயிற்சியைக் காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும் செய்யுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை மட்டுமல்லாமல் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது, உங்கள் பகுதிச் சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள். ஆனால் மூட்டு சூடாகி வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, காலையில் எழுந்தபின் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு நீடித்தாலோ, முயற்சி இல்லாமலே எடை இறங்கினாலோ மூன்று மாதம் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போய்ச் சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஏற்பட்டால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அன்றைக்கே போய்விட வேண்டும்.