குடும்பக் கல்லறைத் தோட்டத்தைப் பதிவு செய்தல்: கேள்வி பதில்

திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கத்து ஊர்களில் பழைய கல்லறைத் தோட்டங்களை ஆவணப்படுத்தி, அதிலிருந்து வம்சாவளி எழுத முயல்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

அண்ணாச்சி, எங்கள் தோட்டத்தில் அறுபது எழுபது கல்லறைகள் இருக்கும். எங்கே ஆரம்பிக்க? (சாயர்புரம்)

முதல் நாள் எந்தக் கல்லையும் படிக்க வேண்டாம். வரைபடம் போடுங்கள். கைபேசி காட்டும் இடக்குறிப்பு மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும். கல்லறையின் அகலமோ மூன்றடி, நான்கடிதான். அந்தப் பிசகுக்குள் அடுத்தடுத்து மூன்று பேர் அடங்கிவிடுவார்கள். அதனால் அளவு நாடாதான் சரி.

வாசல் தூண், சுற்றுச்சுவர் மூலை என்று நகராத இரண்டு இடங்களைத் தேர்ந்துகொண்டு, அவற்றுக்கு இடையே உள்ள தூரத்தை முதலில் அளந்து எழுதுங்கள். பிறகு 30 மீட்டர் நாடாவால் ஒவ்வொரு கல்லறையின் தலைமாட்டு இடது மூலைக்கும் அந்த இரண்டு இடங்களிலிருந்தும் அளவு எடுங்கள். வரைபடத் தாளில் ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக் கவராயத்தால் இரண்டு வில் போட்டால், அவை வெட்டும் இடம்தான் கல்லறை. இரண்டு தூண்களையும் சேர்க்கும் கோட்டை ஒட்டியே இருக்கும் கல்லறைக்கு இந்த முறை துல்லியம் தராது, அதற்கு மூன்றாவதாக ஓர் இடத்திலிருந்தும் அளவு வேண்டும். நாடா மண்மேட்டின் மீது ஏறி இறங்கினாலும் கணக்குக் கெடும்.

கல் இல்லாத மேடுகளுக்கும், செங்கல் மட்டும் பதித்த சிறு பிள்ளைகளின் குழிகளுக்கும் எண் கொடுங்கள். பலரும் விட்டுவிடுவது இவற்றைத்தான். பின்னால் அடக்கப் பதிவேட்டில் ஒரு பெயர் இடமில்லாமல் நிற்கும்போது கைகொடுப்பதும் இவைதான். எண்ணைக் கல்லின் மேல் பெயின்டால் எழுதாதீர்கள். சிறு பலகையில் எழுதி, படம் எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் வையுங்கள்.

வருஷா வருஷம் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தே மறைந்துவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? (நாசரேத்)

கூடவே கூடாது. காய்ந்த சுண்ணாம்பும் சலவைக்கல்லும் அடிப்படையில் ஒரே பொருள், இரண்டுமே கால்சியம் கார்பனேட். சுண்ணாம்பைக் கரைக்கும் ஆசிட் அடியில் உள்ள எழுத்தையும் சேர்த்தே தின்னும். சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் கல்லறைக்கும் இதே கதிதான்.

முதலில் கல்லை விரல் மடக்கிப் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தாலோ, கடப்பாக்கல் ஏடு ஏடாக உரிந்தாலோ, தொடாமல் படம் மட்டும் எடுங்கள். கெட்டியான கல்லாக இருந்தால் வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்து பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, மூங்கில் சிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம். கீறல் ஒருபுறம், உடைந்து ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துணுக்கு துருப்பிடித்துக் கறையாகும் என்பது இன்னொரு புறம். பிளீச்சிங் பவுடர், தண்ணீரைப் பீய்ச்சும் மிஷின் இரண்டும் வேண்டாம். எனாமல் பெயின்டை உரிக்கப் போகாதீர்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைக் கொண்டே படித்துவிடலாம்.

வெளிச்சத்தைக் கொண்டு என்றால் எப்படி? மாவு தடவினால் எழுத்து தெரியும் என்கிறார்களே?

மாவு, சாக்பீஸ் பொடி, குங்குமம் எதுவும் கல்லின் நுண்துளைக்குள் போய்விடும், முழுதாக வராது. மாவில் பூஞ்சையும் பிடிக்கும்.

வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போக வேண்டும், பத்து முதல் இருபது டிகிரிக்குள். அப்போது பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். நிழலில் இருக்கும் கல்லுக்கு, ஒன்றரையடிக்கு இரண்டடி முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை வெயிலில் நிறுத்தி ஒளியைத் திருப்பிவிடுங்கள். இருட்டிய பிறகு டார்ச் போதும். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கமும் ஒளி கொடுத்து நான்கு படம் எடுங்கள். செங்குத்துக் கோடுகள் பக்க ஒளியில் தெரியும், படுக்கைக் கோடுகள் மேல் ஒளியில்தான் தெரியும். 3, 8 குழப்பமும் 1, 7 குழப்பமும் பெரும்பாலும் இதில் தீர்ந்துவிடும்.

சலவைக்கல்லில் ஈய எழுத்து பதித்து, அது உதிர்ந்து போயிருந்தால், ஈயம் பிடிக்கத் துளைத்த சிறு துளைகள் மிஞ்சியிருக்கும். ஒரே எழுத்துக்குத் துளைகளின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றுபோல இருக்கும். உதிராத எழுத்தோடு ஒப்பிட்டால் உதிர்ந்ததைக் கண்டுபிடிக்கலாம்.

ஒரு கல்லில் வருஷ எண்ணே இல்லை. "தாது" என்று இருக்கிறது, பிறகு "தை", பிறகு "ய", "உ" மாதிரி இரண்டு எழுத்து. முதலெழுத்துகளா ஐயா? (மெஞ்ஞானபுரம்)

முதலெழுத்து அல்ல, தமிழ் எண். ௰ பத்து, ௨ இரண்டு, ஆக 12. பக்கத்தில் ௵, ௴, ௳ என்ற குறிகள் இருந்தால் முறையே வருடம், மாதம், நாள். 1876 என்பதைப் பழைய முறையில் ௲௮௱௭௰௬ என்று வெட்டியிருப்பார்கள்: ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு. அ, எ, சு போலத் தெரிவதெல்லாம் எண்கள்தான்.

தாது வருஷம் 1816-17, 1876-77, 1936-37 என்று அறுபது வருடத்துக்கு ஒருமுறை வரும். பெரும் பஞ்சம் வந்த தாது 1876-77. எந்தச் சுற்று என்பதை இறந்தவரின் வயது, கல்லில் பெயர் வரும் உறவினர், பக்கத்துக் கல்லறைகள் ஆகியவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். தமிழ் வருடம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், அந்தத் தாதுவின் தை மாதம் 1877 ஜனவரியில் வரும், 1876 அல்ல. பலரும் சறுக்கும் இடம் இது.

கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டுக் கணக்கு) இருந்தால் ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டுங்கள். எப்படிக் கணக்கிட்டாலும், கல்லில் உள்ளதை வரிக்கு வரி, பிழையோடு அப்படியே ஒரு கட்டத்தில் எழுதிவிட்டு, உங்கள் கணக்கை வேறு கட்டத்தில் எழுதுங்கள். உடைந்த இடத்துக்குப் பகர அடைப்பு, சந்தேக எழுத்துக்குக் கேள்விக்குறி. இரண்டையும் கலந்துவிட்டால், பின்னால் வருபவருக்குக் கல் சொன்னது எது, நீங்கள் சொன்னது எது என்றே தெரியாது. இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே விதி இது.

வே. ஞானமுத்து என்று இரண்டு கல்லறை. கல்லை மாற்றி வைத்த ஒரே ஆளா? (முதலூர்)

தாத்தாவும் பேரனுமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீட்டில் வே. ஞானமுத்து, ஞா. வேதமுத்து, மறுபடி வே. ஞானமுத்து என்றுதான் வரும். மனைவி பெயர், தொழில், வயது மூன்றையும் பாருங்கள்.

வயதிலும் கவனம் வேண்டும். 1931 மார்ச்சில் "வயது 63" என்றால், 63 நிறைந்தவர் 1867 மார்ச்சுக்கும் 1868 மார்ச்சுக்கும் இடையில் பிறந்தவர். "63ஆம் வயதில்" என்றிருந்தால் ஒரு வருடம் தள்ளிப் போகும். பிறந்த ஆண்டு என்று ஒற்றை எண்ணைப் போடாமல் இரண்டு எல்லையையும் எழுதுங்கள்.

பாட்டியின் கல்லில் தாத்தாவின் மனைவி என்று மட்டும் இருக்கிறது. பிறந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருமணப் பதிவேடுதான் வழி அம்மா. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் படிவத்தில் தகப்பன் பெயருக்குத் தனிக் கட்டம் உண்டு. பெண் வீட்டுச் சபையில் கல்யாணம் நடந்திருக்கலாம், அதனால் அந்த ஊரிலும் தேடுங்கள். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல்தான் உருவானது. அதற்கு முன் இங்கே இரண்டு ஆங்கிலேய மிஷன் சங்கங்கள் இருந்தன: நாசரேத், சாயர்புரம், முதலூர், இடையன்குடி எஸ்.பி.ஜி. மிஷனிலும், பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். மிஷனிலும் இருந்தன. எந்த மிஷன் என்று தெரிந்தால், மேற்கொண்டு எந்த ஆவணக் காப்பகத்தைக் கேட்பது என்பதும் தெரியும்.

சபைக் குருவான ஐயரவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பதிவேடு இருக்கும் அறையிலேயே ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். கல்லும் அடக்கப் பதிவேடும் முரண்பட்டால் பதிவேட்டுக்கு மதிப்பு அதிகம். அது அடக்கத்தையொட்டி எழுதியது, கல் வருடங்கள் கழித்து வைத்ததாக இருக்கலாம். ஆனால் பதிவேட்டின் தேதி இறந்த நாளா, அடக்க நாளா என்று கட்டத் தலைப்பைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் அக்காள் மகளைக் கட்டியவர்கள் பலர். வம்சாவளி மரம் சிக்கலாகிறது, சார்.

ஒருவருக்கு ஓர் எண்தான், எத்தனை உறவில் வந்தாலும். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருளில் ஆளைப் புதிதாகச் சேர்க்காமல், ஏற்கெனவே உள்ளவரைத் தேர்ந்தெடுத்து இணையுங்கள். அச்சிடும்போது அவர் இரண்டு இடத்தில் வரலாம், எண் ஒன்றாக இருந்தால் குழப்பமில்லை.

மீஸான் கல்லில் (முஸ்லிம் கல்லறைக் கல்லில்) ஹிஜ்ரி ஆண்டு, அதாவது இஸ்லாமிய ஆண்டு, இருக்கிறது. (காயல்பட்டினம்)

ஹிஜ்ரியை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட வரும். ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். மஃரிபோடு (சூரியன் மறையும் நேரத்தோடு) அடுத்த நாள் பிறந்துவிடுவதால், இரவில் இறந்தவருக்கு ஒரு நாள் வித்தியாசம் வரும்.

கல்லறைமேல் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கலாமா?

பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் பெயரும். அடியோடு வெட்டிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க வெட்டுங்கள். விரிசலைச் சிமென்டால் அடைக்காதீர்கள். உள்ளே போன ஈரம் சிமென்ட் வழியாக எளிதில் வெளியேறாது, உப்பு பூத்துப் பழைய காரையைத் தள்ளிவிடும். ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்த சுண்ணாம்புக் கலவை போதும். வேலைக்கு முன் சபையின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

எல்லாம் முடித்த பின் எப்படிப் பாதுகாப்பது?

ஒரு பிரதி அச்சில், சபை அலுவலகத்தில். ஒன்று ஹார்ட் டிஸ்கில். இன்னொன்று வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம். உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதியையும் முகவரியையும் பொதுப் பிரதியிலிருந்து எடுத்துவிடுங்கள். படத்தின் பெயரில் வரிசை எண்ணும் கல்லறை எண்ணும் இருக்கட்டும், "3-14" என்பது போல. ஆள் பெயரை வைத்தால், பெயரைத் தவறாகப் படித்தது தெரியவரும் நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருக்கும்.