இரண்டு ஆண்கள், ஒரு பேய் வீடு: காதல் நாவலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இங்கிலாந்தின் பழைய வீடு ஒன்றில் நடக்கும் பேய்க் காதல் கதை எழுத ஆசை. காதலர்கள் இருவருமே ஆண்கள். ஒருவன் உயிரோடு இருப்பவன், இன்னொருவன் அந்த வீட்டுப் பேய். எடுபடுமா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

தாராளமாக எடுபடும். இந்த வகைக் கதைகளைக் கையில் கிடைத்தவரை படிக்கிறவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். திரைச்சீலை எப்படி ஆட வேண்டும், மெழுகுவத்தி எப்போது அணைய வேண்டும் என்பதையெல்லாம் அப்புறம் யோசிக்கலாம். உங்கள் பேய் எந்த ஆண்டில் செத்தான் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

வழக்கமான பேய்க் காதலில் காதலர்களுக்கு நடுவே நிற்பது சாவு. உங்கள் கதையில் அதற்கும் முன்னால் சட்டம் வந்து நிற்கிறது. எட்டாம் ஹென்றி காலத்தில், 1533-ல் வந்த சட்டத்தின்படி ஆணோடு ஆண் உறவுகொண்டால் மரண தண்டனை. 1861-ல்தான் தூக்கு போய்ச் சிறை வந்தது. 1885-ல் சட்டத்தை இன்னும் அகலமாக்கினார்கள், சின்ன நெருக்கம்கூட இரண்டு ஆண்டு சிறைக்குப் போதுமானதாயிற்று. 1967-ல், அதுவும் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மட்டும், 21 வயது நிரம்பிய இருவர் தனிமையில் இருந்தால் குற்றமில்லை என்று ஆனது.

ஆக, 1830-ல் செத்தவனுக்குப் பயம் கயிற்றின் மேல். 1890-ல் செத்தவனுக்குப் பயம் பத்திரிகைக்காரன் மேலும், கடிதத்தை வைத்துக்கொண்டு பணம் பறிக்க வருகிறவன் மேலும். 1965-ல் செத்தவனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் இருக்கும், இரண்டே வருடத்தில் தவறவிட்டானே! மூன்றும் மூன்று வேறு நாவல்கள். இவர்களில் யாரிடமும் சட்டம் மாறிவிட்டது என்று யாரும் போய்ச் சொல்லவில்லை. உயிரோடு இருப்பவன் அதைப் பேயிடம் சொல்லும் இடத்தை நான் நாவலின் நடுவில் வைப்பேன். நம்புவானா அவன்? என்னைக் கேட்டால் உடனே நம்பக் கூடாது.

நம் வாசகர்களுக்கு இந்தப் பயத்தை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். அதே ஆங்கிலேயர்கள் 1860-ல் எழுதிவைத்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு 2018 செப்டம்பர் 6 வரை நம் தலைக்கு மேலேயும் தொங்கியது.

வீடு என்பது அந்த மனிதர்களுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு ஒரு வழக்கைப் படியுங்கள். 1835 நவம்பரில் லண்டன் நியூகேட் சிறைக்கு வெளியே ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவரைத் தூக்கிலிட்டார்கள். இந்தக் குற்றத்துக்காக இங்கிலாந்தில் தூக்கில் போடப்பட்ட கடைசி இருவர் அவர்கள்தான். அவர்கள் சந்தித்தது வேறொருவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் சாவித் துவாரம் வழியாகப் பார்த்துவிட்டுச் சொன்ன சாட்சியம்தான் இருவரையும் கொன்றது. அறையை வாடகைக்கு எடுத்திருந்த வயதானவரையும் விடவில்லை, நாடு கடத்தினார்கள். இதைப் படித்த பிறகு எந்தப் பேய் வீட்டுக் கதையிலும் கதவு தானாகத் திறந்துகொண்டால் எனக்குப் பயமே வருவதில்லை. அந்தக் காலத்துப் பேயாக இருந்தால் கதவைத் தானாகச் சாத்தும், சாவித் துவாரத்தில் துணியை அடைக்கும். இரவில் படுத்தவன் காலையில் எழுந்து பார்த்தால் எல்லாத் துவாரங்களிலும் துணி. இப்படி ஒரு முதல் அத்தியாயம் யாராவது எழுதினால் நான் வாங்குவேன்.

வீட்டுக்கு மாதிரி வேண்டுமென்றால் லேம்ப் ஹவுஸைப் பாருங்கள். கிழக்கு சசெக்ஸில், கடலுக்குக் கிட்டத்தில், ரை என்ற சின்ன ஊரில் இருக்கிறது. லேம்ப் என்ற செல்வர் 1720-களில் கட்டிய செங்கல் வீடு. அவர் ஊர் மேயராகவும் இருந்தார். எடை குறைத்து விற்றதற்காக அவர் அபராதம் போட்ட கசாப்புக்காரர் பிரீட்ஸ், 1743-ல் ஓர் இரவு கல்லறைத் தோட்டத்தில் ஒளிந்திருந்து அவரென்று நினைத்துக் குத்தினார். குத்துப்பட்டதோ லேம்பின் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்த மைத்துனர் கிரெபெல். குத்துப்பட்டது தெரியாமலே அவர் வீட்டுக்கு நடந்து போய், நாற்காலியில் உட்கார்ந்தபடி இறந்துபோனார் என்றும், அதே இரவு லேம்பின் செத்துப்போன மனைவி கனவில் மூன்று முறை வந்து தன் சகோதரனைப் போய்ப் பார்க்கச் சொன்னாள் என்றும் ஊரில் கதை உண்டு. பிரீட்ஸின் மண்டையோடு இன்றும் ரை நகர மன்றத்தில் இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது.

இதெல்லாம் சும்மா ரத்தம். உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகு வருகிறது.

1898 முதல் இந்த வீட்டில் வாழ்ந்தவர் எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸ். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1899-ல், 56 வயதில், ரோமில் ஹென்ட்ரிக் ஆண்டர்சன் என்ற 27 வயதுச் சிற்பியைச் சந்தித்தார். அவர் செய்த ஒரு மார்பளவுச் சிலையை விலைக்கு வாங்கி இந்த வீட்டின் சாப்பாட்டு அறையில் வைத்தார். அந்த ஆகஸ்டில் ஆண்டர்சன் வந்து சில நாள் தங்கிவிட்டுப் போனார். அப்புறம் பல ஆண்டுகள் பெரும்பாலும் கடிதங்கள்தான். 1902-ல் ஆண்டர்சனின் அண்ணன் இறந்தபோது, இங்கே வா, உன்னை அணைத்து ஆறுதல் சொல்கிறேன் என்ற பொருளில் ஜேம்ஸ் எழுதியிருப்பதைப் படித்தால் தொண்டை அடைக்கும். இருவருக்கும் இடையே அதற்கு மேல் என்ன இருந்தது என்று ஆய்வாளர்கள் சண்டை போடட்டும். நாவலாசிரியருக்கு, ஆண்டர்சன் வராத அந்த வீட்டின் காலி நாற்காலி போதும்.

1909-ல் ஜேம்ஸ் இன்னொன்றும் செய்தார். நாற்பது ஆண்டுகளாகத் தனக்கு வந்த கடிதங்களைத் தோட்டத்தில் குவித்துத் தீ வைத்தார். உங்கள் பேயை அந்தச் சாம்பலிலிருந்து கிளப்புங்கள் என்பேன். ரத்தக் கறையைவிட எரிந்த கடிதம் நல்ல தொடக்கம். ஒரே ஒரு பாதித் தாள் எரியாமல் மிஞ்சி, சுவர்ப் பலகைக்குப் பின்னால் போய்விட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம் கேளுங்கள், இதைக் கற்பனையாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். ஜேம்ஸின் புகழ்பெற்ற பேய்க் கதையான ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’வின் விதையை 1895 ஜனவரியில் அவருக்குச் சொன்னவர் கான்டர்பரி பேராயர் பென்சன். அதே ஆண்டு மே மாதம்தான் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டு அந்த 1885 சட்டத்தின்படி சிறைக்குப் போனார். ஜேம்ஸ் செத்த பிறகு லேம்ப் ஹவுஸில் குடியேறியவர் யார் தெரியுமா? அந்தப் பேராயரின் மகன் இ. எஃப். பென்சன். அவரும் பேய்க் கதை எழுதுகிறவர், அவரும் மணமாகாதவர். அந்தத் தோட்டத்தில் பட்டப்பகலில் கறுப்பு உடையணிந்த ஓர் உருவத்தைப் பார்த்ததாகவே அவர் எழுதியிருக்கிறார். ஜேம்ஸ் கோடையில் உட்கார்ந்து எழுதிய தோட்ட அறை 1940-ல் குண்டு விழுந்து போய்விட்டது. வீடு இப்போது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

பேயின் விதிகளை இரண்டாம் அத்தியாயத்துக்குள் முடித்துவிடுங்கள். தொட முடியுமா, தோட்டக் கதவைத் தாண்ட முடியுமா, பகலில் வருவானா. நடுவில் மாற்றினால் வாசகர் கோபித்துக்கொள்வார். தொட முடியாது என்று வைப்பது எனக்குப் பிடிக்கும். அப்போது பேச்சும் பார்வையும் கூடுதல் வேலை செய்தாக வேண்டும். இப்போது வரும் கதைகள் பலவற்றில் 18-ஆம் நூற்றாண்டுப் பேய் மனநல ஆலோசகர் மாதிரிப் பேசுகிறது. தயவுசெய்து அது வேண்டாம். தன்னை என்னவென்று அழைத்துக்கொள்வது என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது. நண்பன் என்பான், அதிலேயே தடுமாறுவான்.

நம் பேய்கள் பெரும்பாலும் பழிவாங்க வருகிறவை என்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகும். கொன்றவனைத் தேடும் கதையாக்கிவிடாதீர்கள். 1908-ல் வெளிவந்த ஜேம்ஸின் ‘தி ஜாலி கார்னர்’ கதையில் ஒருவர் தன் பழைய காலி வீட்டில் இரவெல்லாம் ஒரு பேயைத் தேடி அலைகிறார். அந்தப் பேய், அவர் ஊரைவிட்டுப் போகாமல் அங்கேயே இருந்திருந்தால் எப்படி ஆகியிருப்பாரோ அந்த மனிதர். இரண்டு ஆண்களின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான பேய் எனக்குத் தெரிந்து இல்லை.

முடிவு பற்றிக் கடைசியாக. உயிரோடு இருப்பவன் செத்துப்போய்ப் பேயோடு சேருவதாக முடித்தால் புத்தகத்தைச் சுவரில் எறிவேன். இந்த மாதிரிக் காதலர்களில் ஒருவரையாவது சாகடித்தே தீருவது என்று கதைக்காரர்கள் ரொம்ப காலமாகப் பழகிவிட்டார்கள். உங்களிடம்தான் முதல் பக்கத்திலேயே ஒருவன் செத்திருக்கிறானே, இன்னொரு பிணம் எதற்கு? பேய் விடுதலையாகி வெளிச்சத்தில் கரைவதும் எனக்குச் சலித்துவிட்டது. அவன் அந்த வீட்டிலேயே இருக்கட்டும், மற்றவன் வீட்டை விற்காமல் இருக்கட்டும். கூரை ஒழுகும், வரி கட்ட வேண்டும், பக்கத்து வீட்டு அம்மா ‘யாரோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று கேட்பார். அந்தக் குடித்தனத்தை எழுதுங்கள்.