பழைய கேபினட்டைத் தேற்ற முடியுமா?

மலிவாக வாங்கிய பழைய கம்ப்யூட்டர் கேபினட், உள்ளே தூசு, அடியில் துரு, தேறுமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகத் தேறும். மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் பொதுவான ஏடிஎக்ஸ் என்ற அளவு 1995இல் வந்தது, உங்களுடையது அந்த அளவு என்றால் இன்றைய ஏடிஎக்ஸ் போர்டும் அதே திருகு ஓட்டைகளில் உட்காரும்.

எஸ்எம்பிஎஸ் என்கிற பவர் சப்ளை பெட்டி, ஃபேன், முன்பக்க ஸ்விட்ச் வயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் (எஸ்எம்பிஎஸ்ஸைப் பிரிக்க மட்டும் வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்). மிச்சமிருக்கும் தகரத்தைப் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கழுவி, மடிப்புகளில் ஈரம் தங்காமல் உடனே துடைத்து வெயிலில் வையுங்கள், பிளாஸ்டிக்கை மட்டும் நிழலில். ஸ்டிக்கர் பசைக்குத் தேங்காய் எண்ணெய் போதும். பக்கவாட்டில் அக்ரிலிக் இருந்தால் தின்னர், ஸ்பிரிட் எதுவும் படக்கூடாது, விரிசல் விட்டுவிடும்.

துரு மேல் நேராகப் பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காகக் கிளம்பும். உப்புத்தாளால் தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமர், அப்புறம் ஸ்பிரே.

ஒன்று மறக்காதீர்கள்: போர்டு உட்காரும் தட்டில் முந்தைய ஆள் விட்டுப்போன பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் குட்டித் தூண்) உங்கள் போர்டின் ஓட்டைக்கு நேராக இல்லையென்றால் கழற்றிவிடுங்கள், பின்பக்கம் உரசி ஷார்ட் ஆகும்.